எடுத்துச் செல்லும் வெல்டிங் இயந்திரமும் கம்பி ஃபீடரும்: தேர்வும் பொருத்தும் முறையும்

கேட், கிரில், கூரை ஷெட் போன்ற வேலைகளுக்காக இடம் விட்டு இடம் எடுத்துச் செல்லும் வெல்டிங் இயந்திரம் வாங்க நினைப்பவர், கடைக்குப் போகும் முன் வேலை நடக்கும் இடத்தில் என்ன மின்சாரம் கிடைக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஃபேஸ் 230 வோல்ட் இணைப்பில், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் இயந்திரத்தை முழு அளவில் ஓட்டினால் அது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. பட்டறையில் 12 கேஜ் என்று சொல்லப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும் என்பதால், அந்த பிளக்கிலேயே வேலை முடிந்துவிடும். 10 கேஜ், அதாவது 3.15 மி.மீ. ராடு 90 முதல் 130 ஆம்பியர் வரை கேட்பதால், அதைத் தொடர்ந்து எரிப்பவர் 32 ஆம்பியர் தொழில்துறை சாக்கெட்டுக்கோ மூன்று ஃபேஸுக்கோ போவதே நல்லது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட ஆம்பியரைவிட, பின்பக்கத் தகட்டில் சிறிதாகப் பொறித்த டூட்டி சைக்கிள்தான் இயந்திரத்தின் உண்மையான திறனைச் சொல்லும். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டு செய்து நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். இந்தக் கணக்கைப் பொதுவாக 40 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். தகட்டில் எந்த வெப்பநிலை என்றே குறிப்பிடாத இயந்திரத்தை நான் வாங்கமாட்டேன்.

ராடு மட்டும் எரிப்பவருக்கு, சுருளிலிருந்து வெல்டிங் கம்பியைக் கைப்பிடியான டார்ச்சுக்குத் தொடர்ந்து தள்ளும் கம்பி ஃபீடர் தேவையில்லை. மெல்லிய தகடும் சதுரக் குழாயும் நாள் முழுவதும் ஒட்ட வேண்டியிருந்தால், ராடுக்குப் பதில் இப்படித் தொடர்ந்து வரும் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் (MIG) முறை வேண்டும். 1 கிலோ அல்லது 5 கிலோ சுருளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் இயந்திரம் சில்லறை வேலைக்குப் போதும். மாடியிலோ ஷெட்டின் மறுகோடியிலோ வேலை என்றால், 15 கிலோ சுருள் ஏற்றும் தனி ஃபீடரை வாங்கி, கனமான இயந்திரத்தைக் கீழேயே விட்டுவிடலாம். மிக் வேலைக்கு மின்னழுத்தம் நிலையாக இருக்கும் இயந்திரமே பொருந்தும் என்பதால், ராடு மட்டும் எரிக்கும் இயந்திரத்துடன் எந்த ஃபீடரையும் இணைத்துவிடலாம் என்று நம்பிவிடக் கூடாது.

பொருத்தும்போது பெரும்பாலான தொல்லைகள் கம்பி செல்லும் வழியில்தான் பிறக்கின்றன. இயந்திரம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் அந்த வழியை முழுவதும் பார்த்துவிட வேண்டும். கம்பியைத் தள்ளும் ரோலரின் பள்ளம், டார்ச் கேபிளுக்குள் கம்பி செல்லும் குழாயான லைனர், டார்ச் முனையிலுள்ள டிப் ஆகிய மூன்றும் கம்பியின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். திடக் கம்பிக்கு ‘வி’ வடிவப் பள்ளமும், அலுமினியத்துக்கு ‘யு’ வடிவப் பள்ளமும், உள்ளே பொடி நிறைந்த கம்பிக்குச் சொரசொரப்பான பள்ளமும் ஏற்றவை. அலுமினியத்துக்கு டெஃப்லான் லைனர் போட வேண்டும். சுருளின் பிரேக்கை, கம்பி நின்றவுடன் சுருளும் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் மோட்டார் திணறும், தளர்த்தினால் கம்பி அவிழ்ந்து சிக்கலாகும். ரோலரின் அழுத்தத்தைச் சோதிக்க, வெல்டிங் மின்சாரம் பாயாதபடி கம்பியை மட்டும் ஓட்டி, கையுறை அணிந்த கையில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து அதன்மேல் கம்பியைச் சாய்வாக மோதவிடலாம். ரோலர் வழுக்காமல் கம்பி வளைந்து வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் சரி. ரோலர் வழுக்கினால் சற்றே இறுக்க வேண்டும். கம்பி நசுங்கித் தட்டையாகி வந்தால் அழுத்தம் மிகை. கம்பியை டார்ச்சுக்குள் முதன்முறை செலுத்தும்போது டிப்பைக் கழற்றிவிட்டு, டார்ச் கேபிளை நேராக நீட்டி வைத்தால் நடுவில் முட்டாது.

துருவ இணைப்பில் தவறு செய்பவர்கள் ஏராளம். வெல்டைக் காற்று படாமல் காக்கும் வாயுவுடன் திடக் கம்பி ஓட்டும்போது டார்ச் நேர்முனையில் இருக்க வேண்டும். வாயுவே இல்லாமல் ஓட்டும் பொடிக் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு டார்ச் எதிர்முனைக்கு மாற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பொறி தெறித்துக்கொண்டே இருக்கும், புள்ளிபுள்ளியாய்த் துளை விழும். எர்த் கிளாம்பை வண்ணமும் துருவும் சுரண்டிய இடத்தில், வெல்டு செய்யும் இடத்துக்கு அருகில் பிடிக்க வேண்டும்.

0.8 மி.மீ. கம்பியில் 3 மி.மீ. தகட்டை ஒட்ட, 100 ஆம்பியருக்கு 19 வோல்ட் என்ற அளவில் தொடங்கி, கம்பியின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ சத்தம் சீராகும் வரை சரிப்படுத்தலாம். கம்பி தகட்டை முட்டித் தள்ளினால் வேகம் அதிகம். டிப்பிலேயே உருகி ஒட்டினால் வேகம் குறைவு. கார்பன் டை ஆக்ஸைடு வாயு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதுமானது. காற்று வீசும் மொட்டை மாடியில் வாயுவைக் கூட்டுவதைவிட ஒரு தகரத் தடுப்பு வைப்பதே பலன் தரும். தொடர்ந்து திறந்தவெளியில் வேலை என்றால் வாயு வேண்டாத கம்பிக்கு மாறிவிடலாம். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். மூடிய அறையில் இந்த வாயு தரையோடு தங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும் என்பதால் கதவு, சன்னல்களைத் திறந்தே வேலை செய்ய வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் கேபிள் 4 சதுர மி.மீ. செம்புக்குக் குறையக் கூடாது. சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சூடேறி உருகும். அந்தக் கேபிளின் தலைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) இருக்கும் இணைப்பையே பயன்படுத்த வேண்டும்.