கார் உதறுதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

"கார் உதறுது" என்று சொன்ன உடனே "கிளட்ச் போயிடுச்சு, இறக்கிடலாம்" என்று பதில் வந்தால் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கிளட்சை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியே ஒரு பெரிய செலவு. உதறல் இன்ஜினிலா, சக்கரத்திலா, கிளட்சிலா என்று பிரிக்கக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் நின்ற இடத்திலேயே பாருங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்கும்போதே உதறினால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர், ஐடிலிங்கில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதை நோய் என்று நினைக்க வேண்டாம். ஆனால் சைலன்சர் சத்தம் விட்டுவிட்டு வந்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, பிளக்கையும் பிளக் வயரையும் பாருங்கள். சத்தம் சீராக இருந்தும் கார் முழுக்க ஆடினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மேல் சந்தேகம் வர வேண்டும். ரப்பர் வெடித்திருக்கிறதா, உலோகத்தை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில், எந்த வேகத்தில் உதறுகிறதோ அந்த வேகத்துக்குப் போய் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். நியூட்ரலிலும் உதறல் நிற்கவில்லையென்றால் சக்கரம், டயர் அல்லது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் பக்கம்தான். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் ஆடினால் பின் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்.

பேலன்ஸிங் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வாய்க்கால் கரை வழியாகக் காரை விட்டால் களிமண் உள்ளே அப்பி, காய்ந்து, கல்லாகிவிடும். பேலன்ஸிங்கில் 10, 20 கிராம் துண்டு வைத்தே சரிசெய்கிறார்கள், அந்த மண்கட்டி எவ்வளவு கனம் என்று யோசியுங்கள். அறுவடை நேரத்தில் இன்னொரு தொல்லை, ரோட்டில் காயப்போட்ட வைக்கோல். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு அதன் ரப்பர் உறையைக் கிழித்துவிடும், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இன்ஜின் ஆறிய பிறகு எடுத்துவிடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று கேட்டால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. ஆம்னி, அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையும் (மூட்டையும்) பார்க்க வேண்டும்.

சரி, இப்போது கிளட்ச். நம் ஊர் தட்டை நிலம், அதனால் கிளட்ச் நழுவுவது பல நாள் தெரியாமலே இருக்கும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் வருகிறதே, ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றங்களில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் நழுவுகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் சமதரையில் நிறுத்தி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்தபடி நாலாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் நழுவுகிறது. ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற கிளட்ச் பிளேட்டும் கருகிவிடும்.

நழுவுகிறது என்றவுடன் பிளேட்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிள் கிளட்ச் உள்ள காரில் பெடலைக் கையால் அழுத்துங்கள். கனம் தெரியும் முன் கொஞ்சம் லூசாக இறங்க வேண்டும், எவ்வளவு என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளியே இல்லையென்றால் கேபிள் இறுக்கமாகி, பெடலை மிதிக்காமலே கிளட்ச் பாதி விலகி நிற்கிறது. அட்ஜஸ்டிங் நட்டைத் தளர்த்தினாலே சரியாகலாம். இடைவெளி அதிகமாக இருந்தால் நேர்மாறு: கிளட்ச் முழுதாக விலகாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கும்.

முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் கடகடவென்று உதறி, ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிடுகிறதா? இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், பிளேட் அழுந்தும் ஃப்ளைவீல் முகம் கெட்டிருக்கலாம், அதே அளவுக்கு மவுண்டிங்காகவும் இருக்கலாம். மவுண்டிங்கை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம், அதனால் அதை முதலில் முடியுங்கள்.

கடைசியாகச் சத்தம். கிளட்சை மிதித்தால் உய்யென்று கேட்டால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் மிதிக்காமல் இருக்கும்போது கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று கிட்டே நின்று பாருங்கள். கசிகிற சீலை அப்படியே விட்டு மூடினால் புதுப் பிளேட்டிலும் ஆயில்தான், இன்னொரு கூலிதான்.