ஜோடியாக லிஃப்ட் கேட்டு வெளிநாடு சுற்றுவது எப்படி: கோத்தகிரி ரோட்டில் பழகி கருங்கடல் வரை

கோத்தகிரியில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி ஏற்கெனவே தெரியும். கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப்பில் மேட்டுப்பாளையம் இறங்குவதும், தேயிலை எடுக்க வந்த வண்டியில் அரவேனு வரை தொற்றிக்கொள்வதும் நமக்குப் புதிதா என்ன? அதையே முதுகில் பையோடு வெளிநாட்டில் செய்தால் ஹிட்ச்ஹைக்கிங் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நானும் வீட்டுக்காரரும் துருக்கியில் அங்காராவிலிருந்து கருங்கடல் ஓரத்து ரீஸே வரை, 700 கிலோமீட்டருக்கு மேல், இப்படித்தான் போனோம். ரீஸே முழுக்கத் தேயிலைச் சரிவு. "தேயிலையைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று மாமியார் இன்னும் கேட்கிறார்.

முதல் வேலை, ஊரிலேயே ஒரு ஒத்திகை. ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் முழுப் பையோடு மேட்டுப்பாளையம் இறங்கி, லிஃப்ட் கேட்டே மேலே ஏறி வாருங்கள். எங்கே நிற்பது என்பதை இந்த ரோடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி எதுவும் சொல்லித்தராது. கொண்டை ஊசி வளைவு முடிந்த உடனே நின்று கை காட்டினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும், அங்கே நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, பின்னால் வருகிறவன் வேறு ஹாரன் அடிப்பான். அதே ஆள் குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி, வண்டி மெதுவாக வரும் இடத்தில், ஓரம் கட்ட மண் தரை இருந்தால் தானாக நிறுத்துவார். வண்டி மெதுவாக வரவேண்டும், உங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கவேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். எந்த நாட்டிலும் இதுதான் கணக்கு. டோல் கட்டும் விரைவுச் சாலைக்குள் மட்டும் நடந்து போகாதீர்கள், ஜெர்மனியின் ஆட்டோபானில் நடப்பதற்கே தடை இருக்கிறது. நுழைவுச் சாலைக்கு முன்னாலோ பெட்ரோல் பங்க்கிலோ நில்லுங்கள்.

அடுத்து, எந்தப் பக்கம் நிற்பது. சிரிக்காதீர்கள். துருக்கியில் வண்டிகள் வலது பக்கம் ஓடும், நாங்கள் பழக்கதோஷத்தில் இடது ஓரத்தில் நின்று இருபது நிமிடம், போகும் வழியில் இருக்கும் சாம்சுன் நகருக்குப் போகும் ஆட்களுக்குப் பதிலாக அங்காராவுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டிக்கொண்டிருந்தோம். ஒரு டீக்கடைத் தாத்தா வந்து கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார். (கட்டை விரல் எல்லா ஊருக்கும் ஆகாது. ஈரானில் அது பழைய கெட்ட சைகை, அங்கே கையை விரித்து மெதுவாக ஆட்டினால் போதும்.)

அப்புறம் நம்பர் பிளேட். டிஎன் 43 என்றால் நீலகிரி வண்டி, 40 என்றால் மேட்டுப்பாளையம் என்று நாம் தூரத்திலேயே படிப்போம் இல்லையா? துருக்கியிலும் பிளேட்டின் முதல் இரண்டு இலக்கம் மாகாணம்: 06 அங்காரா, 55 சாம்சுன், 61 டிராப்ஸோன், 53 ரீஸே. பங்க்கில் நிற்கும் 55 வண்டிக்காரர் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருப்பார், நேரே போய்க் கேளுங்கள். "ஓட்டோஸ்டோப்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே புரிந்துகொள்வார்கள். புருவத்தை உயர்த்தி "ம்ச்" கொட்டினால் இல்லை என்று அர்த்தம், அதை நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அட்டையில் ஊர்ப் பெயர் எழுதும்போது கடைசி ஊரை எழுதாதீர்கள். அடுத்த பெரிய ஊர் மட்டும். ரீஸே என்று பார்த்ததும், 'அவ்வளவு தூரம் நான் போகலையே' என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

ஜோடியாகப் போனால் நம்பிக்கையோடு நிறுத்துகிறவர்கள் அதிகம், ஆனால் லாரி கிடைப்பது கஷ்டம். நம்மூர் லாரி கேபினில் ஐந்து பேர் ஒடுங்கலாம். அங்கே பல கனரக லாரிகளில் ஓட்டுநரைத் தவிர ஒரே ஒரு சீட்டுதான். அதனால் காரையே குறிவைத்து நில்லுங்கள், இரண்டு பேரும் தெரிகிற மாதிரி. பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டு ஆண் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மட்டமான தந்திரம், ஏமாந்த டிரைவரோடு நான்கு மணி நேரம் உட்கார வேண்டியது நீங்கள்தான்.

ஏறுவதற்கு முன் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், டிரைவர் பார்க்கும்படியே. எங்கள் வழக்கம், வீட்டுக்காரர் முன் சீட், நான் பின்னால். பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, அதனால் ஏறியதும் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதுபோல ஒருமுறை உள்ளிருந்தே திறந்து மூடிப் பார்ப்பேன். பாஸ்போர்ட், பணம், போன் மடியில் இருக்கும் சின்னப் பையில். பெரிய பை டிக்கியில் இருந்தால், இறங்கும்போது ஒருவர் பையை எடுத்துத் தரையில் வைக்கும்வரை இன்னொருவர் சீட்டை விட்டு எழக்கூடாது.

தமிழ் தெரிந்திருப்பது இங்கே பெரிய வரம். எங்கள் ரகசிய வாக்கியம்: "கேஸை அணைச்சீங்களா?" பதில் "அணைச்சாச்சு" என்றால் எல்லாம் சரி. "தெரியலையே" என்றால் அடுத்த பங்க்கில் இறங்குகிறோம். ஒருமுறை ஒருவர் ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வீடியோ பார்த்தபடி 130-இல் பறந்தார். "கேஸை அணைச்சீங்களா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் முன் சீட்டிலிருந்து "தெரியலையே, தெரியலையே" என்று இரண்டு தரம் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினேன். மலைப்பாதையில் வளர்ந்தவளுக்கு அது நடிப்பே இல்லை. சீட் கவரை நினைத்துப் பதறி உடனே ஓரம் கட்டிவிட்டார். வாந்தி என்றால் எந்த நாட்டு டிரைவரும் வாதாட மாட்டார்.

காசு விஷயம்: கஜகஸ்தான், கிர்கிஸ்தான் பக்கம் வழியில் ஏற்றினால் பணம் வாங்குவது சாதாரணம். ஏறும் முன்பே கேட்டுத் தெளிவாக்கிவிடுங்கள்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடையைக் கட்டுங்கள். அவசர உதவிக்குத் துருக்கியிலும் 112தான். பஸ் ஏறினால் கௌரவம் குறையும் என்று சிலர் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சாம்சுன் தாண்டி ஓர்டூ என்ற ஊரில் நான்கரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, அட்டையில் எழுதியிருந்த டிராப்ஸோன் கரைந்து மை என் கையில் வழிந்தது. நேரே பஸ் நிலையம் போய் டிக்கெட் எடுத்துவிட்டோம். பஸ்ஸுக்குள்ளே ஒரு பையன் தள்ளுவண்டியில் டீ கொண்டுவந்தான், பால் இல்லாத டீ. வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம தூள் இதைவிட நல்லா இருக்கும்" என்றார், பிறகு இன்னொரு கப் வாங்கிக்கொண்டார்.