பிக்கப் வண்டியின் பானெட்டில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளைக் கவனித்தால், கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் நன்றாகவே இருக்க, அதே நாளில் பானெட்டில் ஒட்டியது மட்டும் ஓரம் சுருண்டு நிறம் வெளுத்திருப்பதைக் காணலாம். பானெட் படுக்கையாக இருப்பதால் வெயில் நேராக விழுகிறது; அடியிலிருந்து எஞ்சின் சூடும் ஏறுகிறது. ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாளான வினைலைத் தயாரிக்கும் நிறுவனங்களே நிமிர்ந்த பரப்புக்குச் சொல்லும் ஆயுளைப் படுக்கைப் பரப்புக்குக் குறைத்தே சொல்கின்றன. எனவே கதவுக்குப் போதுமான பொருளும் கவனமும் பானெட்டுக்குப் போதாது.

முதல் தவறு, விலையை மட்டும் பார்த்து வினைலைத் தேர்ந்தெடுப்பது. உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டித் தயாரிக்கப்படும் காலண்டர்டு வினைல், சூடு பட்டால் தன் பழைய அளவுக்குத் திரும்ப முயன்று சுருங்கும். ஓரங்களில் பசைக்கோடு தெரிவது அதனால்தான். திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் காஸ்ட் வினைல் ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே இருந்தாலும், அதற்குள் அந்த இழுவிசை மிகக் குறைவு என்பதால் பானெட்டின் வளைவில் படிந்து நிற்கும். அச்சிட்ட படமாக இருந்தால், சால்வென்ட் (கரைப்பான்) கலந்த மை குறைந்தது 24 மணி நேரம் உலர்ந்த பிறகே மேலே லேமினேஷன் போட வேண்டும்.

இரண்டாவது தவற்றை நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வண்டிக்கு டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முன் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதால் நான்காம் நாளே ஒட்டினேன். ஒரு வாரத்தில் தாள் முழுவதும் கடுகளவு குமிழ்கள் எழுந்தன. எடுக்க முயன்றபோது பெயிண்ட்டும் அதன் அடியில் பூசிய பட்டியும் சேர்ந்து உரிந்து வந்தன. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் பெயிண்ட்டிலிருந்து சால்வென்ட் ஆவி பல நாட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வினைல் மூடியதும் அதற்குப் போக வழி இல்லை. பட்டறையில் மீண்டும் பெயிண்ட் அடித்த பானெட்டுக்கு ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் உயர் வெப்பத்தில் சுடப்பட்டது என்பதால் இந்தச் சிக்கல் அதில் வராது.

சுத்தம் செய்வதிலும் கண்ணுக்குத் தெரியும் தூசியோடு நின்றுவிடக் கூடாது. ஷாம்பு போட்டுக் கழுவிய பின்னும் பாலிஷ், வேக்ஸ் ஆகியவற்றின் எண்ணெய்ப்பசை இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு விடாத துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த வேறொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் நாசில் இருக்கும் இடத்தையும் பானெட்டின் முன்விளிம்பையும் இரண்டு முறை துடைப்பது நல்லது. முதலில் ஓரம் கிளம்புவது அங்கேதான்.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய நம் ஊர்களில் வேலைக்கு நேரம் பார்ப்பது பொருளைப் பார்ப்பதற்கு நிகரானது. ஒட்டும் பரப்பின் வெப்பம் 16 முதல் 32 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் வேலை எளிது. பங்குனி, சித்திரை வெயிலில் நின்ற பானெட் அதை எளிதில் தாண்டிவிடும், அப்போது பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நகர்த்த இடம் தராது. எஞ்சினை நிறுத்திக் கையை வசதியாக வைத்திருக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அதிகாலையில், மூன்று பக்கமும் அடைத்த இடத்தில் ஒட்ட வேண்டும். ஆடிக்காற்றில் திறந்தவெளியில் ஒட்டினால் ஒவ்வொரு மண்துகளும் ஒரு குமிழாகும்.

காற்று வெளியேறும் நுண்வழிகள் கொண்ட வினைலில் சோப்புத் தண்ணீர் தெளிப்பது தவறு. அதை உலர்வாகவே ஒட்ட வேண்டும். தாளை அழுத்தித் தேய்க்கும் தட்டையான கருவியான, துணி விளிம்புள்ள ஸ்குவீஜியை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன்மேல் சற்றுப் படியுமாறு இழுக்க வேண்டும். பானெட்டின் பள்ளங்களில் தாளை இழுத்து அழுத்துவதைவிட, ஹீட் கன் கொண்டு இளக்கிப் படியவிட்டு, இறுதியில் அந்த இடத்தை மட்டும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அது மீண்டும் எழாது.

எல்லைப்புற வண்டிகளில் தமிழும் மலையாளமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெட்டி ஒட்டும் எழுத்துகளில் மலையாளத்தின் உருண்டை வளைவுகள் நன்றாக நிற்கின்றன. தமிழில் ட, ப, ம ஆகியவற்றின் கூர்மூலைகள் முதலில் கிளம்பும், மெய்யெழுத்தின் புள்ளியோ தனித்துண்டு என்பதால் வெட்டிய எழுத்துகளைத் தூக்கி வண்டிக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் டேப்போடு போய்விடும். மூலைகளைச் சற்று உருட்டி, புள்ளியைப் பெரிதாக்கி வெட்டுவதோடு, டேப்பை மேலே தூக்காமல் பின்னோக்கி மடித்து இழுக்க வேண்டும்.

மிகுதியான வினைலை பானெட்டின் மேலேயே பிளேடால் வெட்டுவது மன்னிக்க முடியாத தவறு. அந்தக் கீறலில் மழைக்காலத்தில் துரு தொடங்கும். உள்ளிருக்கும் நூலை இழுத்தே வினைலை வெட்டும், கத்தி தேவைப்படாத நூல் டேப் கடைகளில் கிடைக்கிறது. முழு வண்டியின் தோற்ற நிறமே மாறும் அளவுக்கு ஒட்டுவதானால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறத்தையும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் பதிவு விவரத்துக்கு முரணான மாற்றத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

ஒட்டிய இரண்டு நாட்களுக்கு வண்டியைக் கழுவக் கூடாது. பிறகும் பிரஷர் குழாயை ஓரங்களிலிருந்து ஓர் அடியாவது விலக்கிப் பிடிக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் விடும்போது இதைச் சொல்லிவிட்டு வருவது அவசியம், ஏனெனில் சக்கரத்துச் சேற்றுக்குத் திறந்த அதே வேகத்தோடு குழாய் பானெட்டுக்கு ஏறுவதே அங்கு வழக்கம்.