ஓட்டிய சின்ன காருக்கு என்ன விலை? எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் முன் நீங்களே போட வேண்டிய கணக்கு

புது கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறோம். பழைய காரின் சாவியை வாங்கிக்கொண்டு ஒருவர் வெளியே போகிறார். பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ஒரு தொகையைச் சொல்கிறார். அது சரியா தப்பா என்று சொல்ல நம் கையில் எதுவும் இல்லை. அதனால் "இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று மட்டும் கேட்கிறோம். அவரும் கொஞ்சம் ஏற்றுகிறார். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நான் முதல் தடவை கார் மாற்றியது இப்படித்தான். ஏற்றிக் கொடுத்த அந்தக் கொஞ்சத்தைப் புது காரின் மேட், சீட் கவர், பாலிஷ் என்று வேறு பெயர்களில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது, பில்லை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. இரண்டாவது தடவை நோட்டும் பேனாவுமாகப் போனேன். அந்த நோட்டில் இருந்தவைதான் கீழே இருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் ஹோண்டா ஜாஸை எடுத்துக்கொள்கிறேன். சில நாடுகளில் இதற்கே ஃபிட் என்று பெயர். 2001-இல் ஜப்பானில் அறிமுகமாகி, மறு வருடமே அங்கே 33 ஆண்டுகளாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த டொயோட்டா கொரோலாவைக் கீழே இறக்கிய சின்ன கார். உங்களுடையது வேறு வண்டி என்றாலும் கணக்கு இதேதான்.

படி 1: உங்கள் வண்டி எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"ஜாஸ் இருக்கு, அஞ்சு வருஷம் ஓடியிருக்கு" என்று சொன்னால் எவராலும் விலை சொல்ல முடியாது. இதுவரை நான்கு தலைமுறை ஜாஸ் வந்திருக்கிறது: ஜப்பானில் 2001, 2007, 2013, 2020. புதுத் தலைமுறை வந்த அன்றே முந்தைய தலைமுறை பழசாகிவிடும். உங்கள் வண்டி நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓடினாலும் விலை இறங்கும். ஒரே வருடத்தில் பழைய தலைமுறையின் கடைசி வண்டிகளும் புதுத் தலைமுறையின் முதல் வண்டிகளும் சேர்ந்தே விற்றிருக்கும் என்பதால், வருடத்தை மட்டும் வைத்துத் தேடினால் தப்பான விலை கிடைக்கும்.

தயாரித்த மாதம், முதலில் பதிவான மாதம், எந்த வேரியன்ட், பெட்ரோலா ஹைப்ரிடா, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எத்தனையாவது ஓனர், ஓடிய கிலோமீட்டர். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேஸிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். படி 5-இல் தேவைப்படும்.

உங்கள் ஊரில் அந்த மாடலை இன்னும் விற்கிறார்களா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 2020 மாடலோடு ஃபிட்டை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய வண்டி என்றால் விலை விழும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் கிடைக்காத மாடலுக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். ரோட்டில் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, புதிதாகக் கிடைக்காது என்பதாலேயே தாக்குப்பிடிப்பதும் உண்டு.

படி 2: மூன்று விலைகளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பழைய காருக்கு ஒரே நாளில் மூன்று விலை உண்டு. டீலர் நம்மிடம் வாங்கும் விலை, நாமே நேரடியாக ஒருவருக்கு விற்றால் கிடைக்கும் விலை, டீலர் அதைத் துடைத்துத் தன் முற்றத்தில் நிறுத்தி விற்கும் விலை. "என் வண்டிக்கு இவ்வளவு போகும்னு பார்த்தேனே" என்று நாம் சொல்லும் எண் பெரும்பாலும் மூன்றாவது. அவர் சொல்வது முதலாவது. சண்டை இங்கேதான் ஆரம்பமாகிறது.

இந்த இடைவெளி முழுக்கக் கொள்ளை அல்ல. வாங்கிய வண்டியை அவர் சரிசெய்ய வேண்டும், விற்கும் வரை பணம் முடங்கிக் கிடக்கும், சிலர் வாரன்டியும் கொடுக்கிறார்கள். ஆனால் அது எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது இப்படி. விற்பனை விளம்பரத் தளங்களில் உங்கள் தலைமுறை, வேரியன்ட், கியர் மூன்றும் பொருந்தும் பத்துப் பன்னிரண்டு வண்டிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீட்டர், கேட்கும் விலை, விற்பவர் டீலரா ஓனரா என்று குறியுங்கள். மிக அதிகமாகக் கேட்பதையும் மிகக் குறைவாகக் கேட்பதையும் அடித்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பட்டியலை மறுபடி பாருங்கள். காணாமல் போனவைதான் அநேகமாக விற்றுப்போனவை. இன்னும் அங்கேயே இருப்பவை, அந்த விலைக்கு ஆள் இல்லை என்று சொல்கின்றன. விளம்பரத்தில் இருப்பது ஆசை விலை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பட்டியல் புதிதாகவும் இருக்க வேண்டும். 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் புது கார்கள் கிடைக்காமல் போய், பழைய கார்களின் விலை பல நாடுகளில் ஏறியது. அந்த வருடம் நண்பர் விற்ற விலையை வைத்துக்கொண்டு இன்று பேரம் பேசினால் எதிரில் இருப்பவர் சிரிப்பார்.

படி 3: மதிப்புப் போடுபவரின் கண்ணால் வண்டியைப் பாருங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பகல் வெளிச்சத்தில்.

அவர் முதலில் பார்ப்பது பாடி. கதவு, பானெட் இவற்றைச் சுற்றியுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, டிக்கியின் அடித்தகடு தட்டி நிமிர்த்தியதா. பிறகு பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைப்பார். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனத்தில் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு கதவு மட்டும் 400, 500 என்று காட்டினால் அடியில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிங்கரிங் பார்த்த வண்டி என்று நோட்டில் ஏறிவிடும்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருடம் 35-ஆவது வாரம் தயாரானது. வண்டி இருபதாயிரம்தான் ஓடியது என்று மீட்டர் சொல்லி, நான்கு டயரும் வண்டியை விடப் புதிதாக இருந்தால், ஏன் என்று கேட்பார். நீங்கள் உண்மையாகவே மாற்றியிருந்தால் பில்லைக் காட்டுங்கள். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பல நாடுகளின் சட்டப்படியே டயர் முடிந்தது. அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை சொல்வார்.

மீட்டரைத் திருப்பி வைப்பது டிஜிட்டல் மீட்டரிலும் நடக்கிறது. அதனால் எண்ணை மட்டும் அவர் நம்புவதில்லை. பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் எவ்வளவு பளபளத்துவிட்டது, டிரைவர் சீட்டின் ஓரம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சர்வீஸ் பில்களில் தேதியோடு கிலோமீட்டரும் வரிசையாக ஏறி வந்தால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. என் அனுபவத்தில் ஒரு பழைய காரின் விலையைக் காப்பாற்றும் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்றால், பில்களைச் சேர்த்து வைத்த அந்த ஃபைல்தான்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பார். ஓபிடி போர்ட்டில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான சாக்கெட்டில், ஸ்கேனரை மாட்டுவார். சிலர் விற்கும் அன்று காலையில் எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டு வருவார்கள். அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். "சோதனை முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: எதற்குச் செலவு செய்வது, எதை விட்டுவிடுவது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். விற்கப்போகும் காருக்குச் செய்யும் செலவில் பாதி இந்த ரகம்தான்.

என் காரின் பின்கதவில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று கதவு முழுக்கப் பெயிண்ட் அடித்தேன். வெயிலில் பார்த்தால் மட்டும் நிறம் ஒரு மயிரிழை வித்தியாசம். வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எங்க அடிச்சது?" கீறலாகவே இருந்திருந்தால் கீறலுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். பெயிண்ட் அடித்ததால் நடக்காத விபத்துக்கும் சேர்த்துக் குறைத்தார்கள்.

செய்ய வேண்டியவை சின்னவை. உள்ளே வெளியே நல்ல வாட்டர் வாஷ், நாற்றம் போக ஏசி ஃபில்டர், எரியாத பல்புகள், தேய்ந்த வைப்பர். தொலைந்த இரண்டாவது சாவி வீட்டில் எங்கேயாவது இருந்தால் தேடி எடுங்கள். சாவி ஒன்றுதான் என்றால் விலையைக் குறைப்பார்கள். பேட்டரி இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே தடுமாறும் வண்டியில் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். பெரிய சர்வீஸ், நான்கு புது டயர், புது மியூசிக் சிஸ்டம் எல்லாம் வேண்டாம். போட்ட பணம் திரும்ப வராது.

படி 5: காகிதங்களும் ரீகாலும்

கடனில் வாங்கிய வண்டி என்றால் பாக்கி எவ்வளவு என்று கடன் கொடுத்த இடத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். பாக்கி வண்டியின் விலையைவிட அதிகமாக இருந்தால், "அதையும் புதுக் கடனில் சேர்த்துவிடலாம்" என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். இல்லாத காருக்கு வட்டி கட்டப்போகிறீர்கள் என்பதே அதன் பொருள்.

சேஸிஸ் எண்ணைப் போட்டு, கம்பெனி திரும்ப அழைத்த பட்டியலில் உங்கள் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் கோளாறுக்காகப் பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஜாஸும் ஃபிட்டும் அதில் உண்டு. ரீகால் வேலையை வழக்கமாகக் கம்பெனி இலவசமாகவே செய்துகொடுக்கும். முடித்துவிட்டு அதன் ரசீதையும் ஃபைலில் வையுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்தால் பெல்ட் மாற்றிய பில் முக்கியம். ஜாஸின் பெட்ரோல் என்ஜினில் செயின்தான், அந்தக் கவலை இல்லை. சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் என்றால் ஆயில் மாற்றிய பில்லைக் கேட்பார்கள்.

படி 6: குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள்

ஒரே வாரத்துக்குள், வண்டி ஒரே நிலையில் இருக்கும்போதே. ஒருவர் புது கார் விற்கும் டீலர், ஒருவர் பழைய கார் மட்டும் வாங்கி விற்பவர், ஒன்று வண்டி வாங்கும் ஆன்லைன் நிறுவனம். ஆன்லைனில் முதலில் காட்டும் தொகையை நம்பாதீர்கள். ஆள் வந்து பார்த்த பிறகு சொல்வதுதான் விலை. எத்தனை நாளுக்கு அந்த விலை நிற்கும் என்றும் எழுதி வாங்குங்கள்.

"நீங்க எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்பார்கள். முதலில் எண்ணைச் சொல்லாதீர்கள். "நீங்க சொல்லுங்க, மத்த ரெண்டு இடத்துலயும் கேட்டிருக்கேன்" என்றால் போதும். அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம் கோபப்படவும் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

படி 7: கையிலிருந்து போகும் பணத்தை மட்டும் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாமே. புது காரின் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நானே போட்ட எண்கள் இவை.

முதல் ஷோரூம்: பழைய காருக்கு 42 தருகிறார்கள், புது காரை 98-க்குத் தருகிறார்கள். நீங்கள் கட்டுவது 56.

இரண்டாவது ஷோரூம்: பழைய காருக்கு 38-தான், ஆனால் புது கார் 92. நீங்கள் கட்டுவது 54.

"அங்க நாற்பத்திரண்டு குடுத்தாங்க" என்ற பெருமையோடு முதல் இடத்துக்குப் போனவர் 2 அதிகம் கட்டுகிறார். இடது கையில் கொடுத்ததை வலது கையில் வாங்கிக்கொள்ளும் இந்த வித்தைக்கு மருந்து எளிது. முதலில் பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல் புது காரின் கடைசி விலையை எழுத்தில் வாங்குங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாகச் சொன்னால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்குபவருக்கு என்ன தள்ளுபடி என்று உடனே கேளுங்கள். பல நேரம் இரண்டும் ஒரே பணம்தான், பெயர் மட்டும் வேறு.

நேரடியாக விற்றால்? 46-க்கு ஆள் கிடைக்கிறார் என்போம். 92-இல் 46 போனால் 46. எக்ஸ்சேஞ்சைவிட 8 மிச்சம். அவசரப்படாதீர்கள். விளம்பரம், கழுவல், எழுத்து வேலை என்று 2 போகும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் போன்ற சில இடங்களில், எக்ஸ்சேஞ்ச் செய்தால் பழைய காரின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் விற்பனை வரி. வரி 8 சதவீதம் என்றால் 38-க்கு உரிய வரி, அதாவது 3 சொச்சம், எக்ஸ்சேஞ்சில் மிச்சமாகிறது. ஆக நேரடி விற்பனையின் உண்மையான லாபம் 8 அல்ல, 3 மட்டுமே. அப்படி வரிச் சலுகை இல்லாத இடத்தில் 6. முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு வண்டியை ஓட்டக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமைகள் போவதும் அந்தத் தொகைக்குத் தகுமா என்று உங்கள் எண்களைப் போட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு முதல் தடவை தகவில்லை, இரண்டாம் தடவை தகுந்தது.

படி 8: சாவியைக் கொடுக்கும் நாள்

பணம் அனுப்பிவிட்டேன் என்று போனில் காட்டும் படத்தை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்; உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள். விற்ற தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் மாற்றத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து தர வேண்டிய அறிவிப்பை அன்றே கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் செய்துகொள்வார் என்று விட்டால், அவர் வாங்கும் அபராதச் சீட்டுகள் உங்கள் வீட்டுக்கு வரும். டீலரிடம் கொடுத்தாலும் இதேதான், அடுத்தவர் பெயருக்கு மாறியதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸில் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸை (கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) புது காருக்கு மாற்ற முடியுமா என்று பாலிசியை ரத்து செய்வதற்கு முன்பே கேளுங்கள்.

இறங்குவதற்கு முன் ஸ்டீரியோவில் சேமித்திருக்கும் போன் தொடர்புகளையும், நேவிகேஷனில் வீடு என்று போட்ட முகவரியையும் அழித்துவிடுங்கள். பிறகு டாஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னி குழி. என் பழைய காரின் ஸ்டெப்னி குழியில், மூன்று வருடமாகத் தேடிய குடை கிடந்தது.