யப்பான் மேபிள் மரத்தைச் சிறிதாக வைத்திருப்பது எப்படி: பின்வளவுக்கான கவாத்து முறை

கத்தரியைக் கையில் எடுக்குமுன், உங்கள் பின்வளவில் நிற்பது எந்த மேபிள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளி மேபிள், நோர்வே மேபிள் போன்றவை 20 மீற்றருக்கு மேல் வளரக்கூடிய பெருமரங்கள். அவற்றை வெட்டி வெட்டிக் குள்ளமாக வைத்திருக்க முயல்வது மரத்தைச் சிதைப்பதில்தான் முடியும். ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை அகற்றவோ, அதற்குச் சேதம் விளைவிக்கவோ மாநகர சபையின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இங்கே நான் விளக்குவது, விரல்கள் விரிந்த உள்ளங்கை போன்ற இலையுடைய யப்பான் மேபிளைப் பற்றியே. கருஞ்சிவப்பு இலையுள்ள பிளட்குட் வகை, விட்டுவிட்டால் ஐந்து ஆறு மீற்றர் உயரம் போகும்; ஆண்டுதோறும் அளவாகக் கவாத்துச் செய்தால் மூன்று, மூன்றரை மீற்றரில் அழகாக நிற்கும்.

முருங்கையை முறித்து வளர்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கு. அந்தக் கைப்பழக்கத்தில்தான் நானும் ஒரு மார்ச் மாத இறுதியில் என் மேபிளின் உச்சியை ஒரே மட்டமாக வெட்டினேன். வெட்டிய வாய்களிலிருந்து நாட்கணக்கில் நீர் சொட்டியது; கோடைக்குள் ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் மூன்று நான்கு போத்துகள் துடைப்பக் குச்சிகளைப் போல நேராக மேலெழுந்தன; மறு ஆண்டு மரம் முன்னிருந்ததைவிட உயரமாகவும் அடர்த்தியாகவும் நின்றது. கிளையின் நுனிக்குருத்து, தனக்குக் கீழுள்ள அரும்புகளை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அவை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். முருங்கையில் நமக்கு வேண்டியது அந்தப் போத்துகள்தான், மேபிளில் வேண்டாதவையும் அவைதான். இழந்த வடிவத்தை மீட்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆகவே உச்சியை மொட்டையடிக்காமல், உயரமான கிளையைத் தாழ்வான பக்கக் கிளை ஒன்றுவரை குறைப்பதே சரியான வழி.

எப்போது வெட்டுவது?

இரவில் உறைந்து பகலில் உருகும் பனிக்காலக் கடைசியில் மேபிளின் தண்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பாகு காய்ச்சுவதற்குச் சாறு இறக்குவதும் அந்த நாட்களில்தான். அப்போது வெட்டினால் மரம் செத்துவிடாது, ஆனாலும் அந்தக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. உயரத்தைக் குறைப்பதற்கு ஏற்ற காலம் யூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் தொடக்கம் வரை. இலைகள் முற்றி, வளர்ச்சி ஓய்ந்திருப்பதால் புதுப் போத்துகள் குறைவாகவே வரும். செப்ரெம்பருக்குத் தள்ளிப்போட்டால், பிந்தி வரும் தளிர்கள் முற்றுமுன் உறைபனியில் கருகிவிடும். கடும் வெப்ப அலை வீசும் நாட்களிலும் கத்தரியைத் தொடாதீர்கள்.

கருவிகள்

இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று கடந்து செல்லும் கவாத்துக் கத்தரி ஒன்றும், மடக்கு வாள் ஒன்றும் போதும். தட்டையான அடித்தட்டின்மேல் அலகு அமுங்கும் வகைக் கத்தரி கிளையை நசுக்கும் என்பதால் அது வேண்டாம். தொடங்குமுன்னும், மரத்துக்கு மரம் மாறும்போதும் அலகை 70 வீத அற்ககோலால் துடையுங்கள். மேபிளை வாட்டிக் கொல்லும் வெர்ட்டிசிலியம் என்ற மண்பூஞ்சை, கருவி வழியாகவும் தொற்றக்கூடியது.

முதற்படி: பார்ப்பது

கால்மணி நேரமாவது மரத்தைச் சுற்றி வாருங்கள். பின் அதன் அடியில் நின்று மேலே பாருங்கள். பட்ட கிளைகள் முதலில் போகட்டும். ஐயமுள்ள சிறு கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால், உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிருண்டு, பழுப்பாக உலர்ந்திருந்தால் பட்டுவிட்டது. அடிமரத்தில் ஒட்டுக்கட்டிய தழும்புக்குக் கீழிருந்து பச்சை இலையோடு கிளம்பும் போத்து, ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்ச்செடிக்குரியது. அதை விட்டுவைத்தால் நீங்கள் வாங்கிய சிவப்பு மரத்தையே அது மேவிவிடும், அடியோடு நீக்குங்கள்.

இரண்டாம் படி: நெரிசலை நீக்குவது

ஒன்றோடொன்று உரசும் இரண்டு கிளைகளில் மெலிந்ததையும், மரத்தின் நடுவை நோக்கி வளர்வதையும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: உயரத்தைக் குறைப்பது

மிக உயர்ந்த கிளையைத் தேர்ந்து, அதன்மேல் விரலை வைத்துக் கீழ்நோக்கி வாருங்கள். வெளிப்புறம் சாய்ந்த பக்கக் கிளை ஒன்று வரும். அதன் பருமன், வெட்டப்போகும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா? இருந்தால், அந்தக் கவட்டுக்குச் சற்று மேலே, பக்கக் கிளை போகும் திசைக்கு ஏற்பச் சாய்வாக வெட்டுங்கள். அதைவிட மெலிந்ததென்றால் இன்னும் கீழே தேடுங்கள். சரியாக வெட்டிய இடம், நான்கு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆண்டுக்கு இத்தகைய வெட்டுகள் இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் பின் விலகிநின்று பாருங்கள்.

ஒரு கிளையை முழுதாக நீக்கும்போது வெட்டும் இடம் மிக முக்கியம். கிளை தண்டோடு சேரும் அடியில் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். மரம் தன் காயத்தை நம் தோலைப் போல ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது என்று அமெரிக்க வனச் சேவையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். அந்தக் காப்புக்கு அந்த வளையம் இன்றியமையாதது. அதைச் சீவிவிடாமலும், முளைபோல் கட்டை விடாமலும், வளையத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் வெட்டுங்கள். பெருவிரலைவிடப் பருத்த கிளையாயின், முதலில் ஒரு சாண் தள்ளி அடிப்பக்கம் பாதியளவு அறுத்து, சற்று அப்பால் மேலிருந்து வெட்டி வீழ்த்தி, பிறகு மீதியை நீக்கினால் பட்டை தண்டோடு உரியாது. வெட்டுவாயில் பூச்சு எதுவும் தேவையில்லை.

மொத்தத்தில் ஓராண்டில் பச்சைக் கிளைகளில் நாலில் ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. நான் ஐந்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிகம் திறந்துவிட்டால், நிழலில் பழகிய மெல்லிய பட்டை பிற்பகல் வெயிலில் வெடிக்கும்.

வெட்டிய பின்

வேரடியில் மரத்தூள் மூடாக்கு இட்டு, அதைத் தண்டில் படாமல் விலக்கி வைத்து, மழை இல்லாத வாரங்களில் ஆழமாக நீர் விடுங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம். புல்தரைக்கு நீங்கள் தூவும் உரமும் மேபிள் வேருக்குப் போய்ச் சேரும் என்பதால், மரத்தைச் சுற்றி அதையும் தவிருங்கள்.

அடுத்த மே மாதத்தில் உச்சிக் கிளைகளைக் கவனியுங்கள். மேபிளில் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக வரும். முதற்சோடி விரியும்போது நடுவில் அரிசி முனையளவில் அடுத்த குருத்து நிற்கும். அதை நகநுனியால் கிள்ளிவிட்டால் அந்தக் கொப்பு அவ்வளவில் குறுகி நிற்கும். மேற்பாதியில் மட்டும் கிள்ளுங்கள். கீழ்க்கிளைகள் தம்போக்கில் விரியட்டும்.