அவித்த முட்டை பிய்யாமல் உரிய

குழம்புக்கு அவித்த முட்டையை உரித்தால் வெள்ளைக்கரு பாதி ஓட்டோடு போகிறதா? முட்டை மிகப் புதிது, அதுதான் காரணம். நாளாக நாளாக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறும். வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, உள்சவ்வோடு ஒட்டுவது குறையும். அதனால் அவிக்க ஒரு வாரம் ஆன முட்டையை எடுங்கள். இன்று வாங்கியது ஆம்லெட்டுக்குப் போகட்டும்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் கரண்டியால் மெதுவாக இறக்கி, தீயைக் குறைத்து 11 நிமிடம். (ஃப்ரிட்ஜ் முட்டையானால் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், கீறல் விடாது.) உடனே ஐஸ் தண்ணீரில் 5 நிமிடம். உரிக்கும்போது காற்றறை இருக்கும் அகன்ற முனையில் தட்டித் தொடங்குங்கள். உப்பு, வினிகர் போட்டும் பார்த்தேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.