தை, மாசியில் ஊருக்குப் போகிறீர்களா? மன்னாருக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள்

மன்னாரில் குளிர்காலத்துக்கு வந்து சேரும் நீர்ப்பறவைகளைப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். ஆவணி வாக்கில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இது வாய்க்காது. குளிர்காலத்தில் கலியாணம், அந்தியேட்டி என்று ஊருக்குப் போகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக வந்தால் மன்னார்த் தீவைத் தரையோடு இணைக்கும் தாம்போதிக்குக் கிட்ட உவர்ச் சேற்று நிலம் விரிந்து கிடக்கும். உமரிச் செடியும் கண்டலும் ஆழமில்லாத தண்ணீருமாக இருக்கும் இந்தப் பகுதிதான் வங்காலைச் சரணாலயம். 2010இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. திருக்கேதீச்சரத்துக்குப் போகிற சனம் அநேகமாக இதைத் திரும்பிப் பார்க்காமலே கடந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

மார்கழியில் மழை குழப்பும். மழைத் தண்ணீர் வற்றிச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கும் தை, மாசிதான் நல்ல காலம். முதல் நாளே மன்னாரில் தங்கி, வெள்ளன எழும்பிப் போங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் கானல் அலையடிக்கும். தூரத்துப் பறவை தெளியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

எல்லோரும் தேடுவது பூநாரையைத்தான். கூட்டமாகப் பறப்பதைவிட அது இரை தேடுவதைப் பாருங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். பிறகு தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து வடித்துத் தின்னும். சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். அந்த ரோசா நிறம் தின்னும் இரையிலிருந்து வருவது, அது ஏற வருடங்கள் ஆகும்.

அப்புறம் வாத்துகள். கபிலத் தலையும் வெள்ளைக் கழுத்துமாக நிற்பது ஊசிவால் வாத்தின் ஆண். நெற்றியில் மஞ்சள் பூசினாற்போல் இருப்பது நாமத்தலை வாத்து. இரண்டும் வடக்கே குளிர் தேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. லண்டனிலோ நோர்வேயிலோ நீங்கள் இதே இனத்தைக் கண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை) தொலைநோக்கி ஒன்று போதும், வெளிநாட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். வீதியை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம், புதைந்துவிடும். படத்துக்காகக் கை தட்டியோ ட்ரோன் விட்டோ கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். நெடும்பயணம் திரும்பிப் போவதற்குச் சேர்க்கிற கொழுப்பை அவை வீணாகச் செலவழிக்க வேண்டிவரும்.

நேரமிருந்தால் தலைமன்னார்க் கரைக்கும் போங்கள். கடற்காகங்களும் ஆலாக்களும் அங்கே கூட்டமாக நிற்கும்.